கருவிகளைக் காணத் தவறும் கண்கள்

தொழில் தேடி மத்திய கிழக்கிற்கும் ஹஜ் கடமைக்காக மக்காவிற்கும் செல்லும் வன்னி மக்கள் பெரும்பாலும் கட்டுநாயக்க விமான நிலையம் ஊடாகவே பயணிக்கின்றனர். அதன் அருகே 1978 நவம்பர் 15ஆம் திகதி இரவு நிகழ்ந்த விபத்து இன்றும் நினைவுகூரத்தக்கது.

ஹஜ்ஜை நிறைவேற்றிவிட்டு ஜித்தாவிலிருந்து இந்தோனேசியாவின் சுரபாயாவிற்குத் திரும்பிய யாத்திரிகர்களை ஏற்றிவந்த ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டி.சி.-8 விமானம், இடிமழைக்கு மத்தியில் தரையிறங்க முனைகையில் ஓடுபாதையை எட்டாது தோட்டமொன்றில் வீழ்ந்தது. அதிலிருந்த 262 பேரில் 183 பேர் பலியாகினர். உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் காட்டும் கருவிகள் அனைத்தையும் விமானிகள் சரிபார்த்துப் பயன்படுத்தவில்லை என இலங்கை விசாரணை முடிவு செய்தது. ஐஸ்லாந்துத் தரப்போ விமான நிலையத்தின் வழிகாட்டற் சாதனங்களையும் கட்டுப்பாட்டாளர்களையும் குறைகூறியது.

தேர்ச்சி பெற்றவர்களுக்கும் இவ்வாறு நேர்வதேன்? நெருக்கடி வேளையில் மனிதக் கவனம் குறுகிவிடுகின்றது. கண் ஒரே கருவியில் நிலைகுத்தி நிற்க, ஏனையவை கண்முன் இருந்தும் புலப்படுவதில்லை. இருளில் அடிவானம் தெரியாதபோது உட்செவியும் ஏமாற்றுகின்றது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் அது நேராகச் செல்வதாகவே உடல் உணரும்.

அதே ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி பம்பாயிலிருந்து டுபாய் நோக்கிப் புறப்பட்ட எயார் இந்தியாவின் போயிங் 747 விமானம், இரண்டு நிமிடங்களுக்குள் கடலில் வீழ்ந்து 213 பேரும் மாண்டனர். தலைமை விமானியின் முன்னிருந்த சாய்வுகாட்டி பழுதுற்று, விமானம் வலப்புறம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. அதை நம்பி அவர் இடப்புறம் திருப்ப, விமானம் கவிழ்ந்தது. வேறொரு சாய்வுகாட்டியைப் பார்க்குமாறு விமானப் பொறியியலாளர் சுட்டிக்காட்டியும் காலம் கடந்துவிட்டது.

ஒரு கருவியை மற்றொன்றுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதும், பிழையைக் கண்ட துணை விமானி தயங்காது உரத்துச் சொல்வதும், அதைத் தலைமை விமானி மதித்துக் கேட்பதுமே இதற்கான மருந்தாகும். பின்வந்த ஆண்டுகளில் விமானிகளின் பயிற்சியில் இவை முக்கிய இடம் பெற்றன. அனுபவம் மிக்கவர் தவறமாட்டார் என்ற எண்ணமே ஆபத்தானது. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் நம்பிக்கையைச் சுமந்து பறப்பவர்கள், தமது உணர்வையும் சந்தேகிக்கக் கற்றிருத்தல் வேண்டும்.