கடலட்டை அட்டையன்று

மன்னார்க் கரையிலே உலர்த்தப்படும் கடலட்டையைக் காண்போர் அதனை அட்டையின் உறவென்றே எண்ணுவர். பெயர் அப்படி! முள்ளந்தண்டிலிகளை இனம் பிரிக்குமிடத்து நாம் நோக்கவேண்டியது பெயரையன்று, உடலமைப்பையே.

வயலிலே காலைப் பற்றும் அட்டையின் உடல் வளையம் வளையமாக அமைந்தது. மண்புழுவும் அக்கூட்டத்ததே. கடலட்டையிலோ வளையங்கள் இல்லை. அதன் உடற்சுவரின் உட்புறத்தே ஐந்து தசைப்பட்டைகள் நீளவாட்டில் ஓடுகின்றன. தோலினுள் நுண்ணிய சுண்ணாம்புத் துணிக்கைகள் உள்ளன. குழாய்ப்பாதங்கள் நீரழுத்தத்தால் இயங்குகின்றன. நட்சத்திரமீனின் (அதுவும் மீனன்று) ஐந்து கைகளையும் மேல்நோக்கி மடித்து ஒன்றுசேர்த்து, பின் பக்கவாட்டிற் சாய்த்தால் ஏறத்தாழ இவ்வமைப்பே கிடைக்கும். இவ்விரண்டும் முட்தோலிகள் என்னும் ஒரே கூட்டத்தின.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. முட்தோலிகளின் முளையத்தில் முதலிலே தோன்றும் துளை வாயாவதில்லை. வாய் பின்னரே வேறிடத்தில் உண்டாகிறது. முதுகெலும்புள்ள விலங்குகள் வளரும் முறையும் அதுவே. மரபணு ஆய்வுகளும் இவ்வுறவை உறுதிசெய்கின்றன. ஆகவே கடலட்டை, அட்டையைவிட மனிதராகிய நமக்கே நெருங்கிய இனம்!

நம் கடலிலுள்ள வெள்ளை அட்டை, அளவிறந்து பிடிக்கப்பட்டமையால், 2013இல் அழியும் ஆபத்திலுள்ள இனமென உலகப் பட்டியலில் மதிப்பிடப்பட்டது. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரிலேயே விடுவன. அவை ஒன்றுக்கொன்று தூரமாய்ச் சிதறிய இடத்திற் கருக்கட்டல் அரிதாகிவிடுகிறது.