உங்களுக்குத் தெரியுமா? திம்புள்ளவிலிருந்து இன்னொரு பூமிக்கு

● சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் குடும்பம் அல்பா சென்டோரி. லண்டனில் இருப்பவர்களுக்கு அது தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. திம்புள்ளவில் இருப்பவர்களுக்கு வரும். மார்ச் மாதக் கடைசியில், அதிகாலை 3 மணியளவில், மலை மறைக்காத ஓர் இடத்தில் நேர் தெற்கே பார்த்து நில்லுங்கள். தொடுவானத்திலிருந்து 20 பாகைக்குச் சற்று மேலே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் அருகருகே தெரியும். இடப்பக்கம் இருப்பதுதான் அது. வலப்பக்கம் சற்றுத் தள்ளித் தென்சிலுவை. நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாத மலைக்கு இரவில் ஏறுகிறவர்கள் உச்சியை அடைந்ததும் கிழக்கைப் பார்த்தே காத்திருப்பார்கள். ஒரு நிமிடம் தெற்கேயும் திரும்பிப் பார்க்கலாம். தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் இந்தப் பக்கத்து வானம் மூடிக்கொள்ளும். திம்புள்ளத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தரும் அந்த வறண்ட, குளிர்ந்த மாதங்கள்தான் நட்சத்திரம் பார்க்கவும் நல்ல காலம்.

● அல்பா சென்டோரிக் குடும்பத்தின் மூன்று நட்சத்திரங்களில் ஒன்று ப்ரொக்ஸிமா என்ற சிறிய சிவப்பு நட்சத்திரம். தொலைநோக்கி இல்லாமல் அதைப் பார்க்க முடியாது. 2016இல் அதைச் சுற்றி ஒரு கோள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நிறை குறைந்தது நமது பூமியளவு. அங்கே ஒரு வருடம் என்பது 11 நாட்களும் சில மணித்தியாலமும்தான். கொழுந்து எடுத்த மலைக்கே அடுத்த ரவுண்டுக்குத் திரும்பி வருவதற்குள் அங்கே ஒரு வருடம் முடியும் தறுவாய்க்கு வந்துவிடும். நட்சத்திரத்திலிருந்து அது இருக்கும் தூரத்தில் நீர் திரவமாகத் தங்க வாய்ப்புண்டு. ஆனால் ப்ரொக்ஸிமா அடிக்கடி சீறி, கடுமையான கதிர்வீச்சை வீசும் நட்சத்திரம். அத்தனை அடியையும் தாங்கி அந்தக் கோளில் காற்று மிஞ்சியிருக்குமா என்பதே இப்போதைய பெரிய கேள்வி.

● ப்ரொக்ஸிமாவுக்குத் தூரம் 4.24 ஒளியாண்டு. கிலோமீற்றரில் சொன்னால் ஏறத்தாழ 40 இலட்சம் கோடி. 1977இல் புறப்பட்ட வொயேஜர் 1 விண்கலம் செக்கனுக்கு 17 கிலோமீற்றர் போகிறது. அந்த வேகத்தில் ப்ரொக்ஸிமாவை அடைய சுமார் 75,000 ஆண்டுகள் வேண்டும்.

● மனிதர் செய்த பொருட்களில் மிக வேகமானது பார்க்கர் சூரிய விண்கலம். 2024 டிசெம்பரில் சூரியனை நெருங்கியபோது அது செக்கனுக்கு 192 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது. சூரியனின் ஈர்ப்பு இழுத்ததால் கிடைத்த வேகம் அது. விலகிப் போகும்போது அது நிலைக்காது.

● இலங்கை பெயர் சூட்டிய ஒரு வேற்றுலகம் இருக்கிறது! 2019இல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதன் கோளையும் பெயரிடக் கொடுத்தது. நமக்குக் கிடைத்த நட்சத்திரத்துக்குச் ‘சாமய’, கோளுக்குச் ‘சமகிய’ என்று பெயர் வைத்தோம்: சமாதானம், ஒற்றுமை. ஏறத்தாழ 300 ஒளியாண்டுத் தொலைவு. இன்று இங்கு வந்துசேரும் அதன் வெளிச்சம், கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து முதல் ஆட்கள் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அங்கிருந்து கிளம்பியது. போய் இறங்கலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். சமகிய வியாழனைவிட நிறை கூடிய வாயுக் கோள். கால் வைக்க அங்கே தரை இல்லை.

● 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வெளியான தன் நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் ஒரு மின்தூக்கியைக் கற்பனை செய்தார். அதன் அடிவாரமாக அவர் எடுத்துக்கொண்டது நமது சிவனொளிபாத மலையை ஒத்த ஒரு மலை. அத்தகைய தூக்கி பூமத்திய ரேகையில்தான் நிற்கும் என்பதால், கதையில் முழுத் தீவையும் சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார். 1986இல் இன்னொரு நாவலில், அழிந்துபோன சூரியனை விட்டு வேறோர் உலகம் தேடிப் போகும் கப்பலை எழுதினார். அதில் பயணிகள் உறைநிலையில் தூங்கிக்கொண்டே போகிறார்கள்.

● உயிருள்ள மனிதரைத் தூங்க வைத்துப் பல்லாண்டு கழித்து எழுப்பும் வித்தை இன்னும் கைகூடவில்லை. அதனால் விஞ்ஞானிகள் யோசிக்கும் மற்ற வழி, தலைமுறைக் கப்பல்: ஏறியவர்கள் வழியிலேயே இறப்பார்கள், அவர்கள் வம்சம் போய்ச் சேரும். 2018இல் பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 6,300 ஆண்டுப் பயணத்துக்குக் குறைந்தது 98 பேருடன் புறப்பட்டால் போதும், நெருங்கிய உறவுக்குள் பிள்ளை பெற்று வம்சம் நலியாமல் தப்பும் என்று விடை வந்தது.

அந்த விடை எனக்குப் போதவில்லை. வழியில் பிறக்கும் பிள்ளைக்கு எந்த ஊர் சொந்தம், அதன் உரிமையை யார் எழுதுவார்கள் என்ற கேள்வி மலையகத்தில் பிறந்தவர்களுக்குப் புதிதல்ல. தோட்ட வேலைக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்தவர்களில் எத்தனையோ பேர் தோட்டத்தைக் காணாமலே மாண்டார்கள். வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த மண்ணிலேயே பிறந்தும், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மிச்சமிருந்த 150,000 பேரைப் பங்கிட இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. எஞ்சியோருக்கு முழுமையாகக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தலைமுறைக் கப்பலுக்குத் திட்டம் போடுகிறவர்கள் எந்திரத்துக்கு முன் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். புறப்படுகிறவர் கையெழுத்துப் போடலாம். பிறக்கப்போகிறவருக்காக யார் போடுவது?

● ஆள் இல்லாமல் போவதானால் கதை வேறு. 2016இல் பௌதிகவியலாளர் ஸ்டீபன் ஹோக்கிங்கும் முதலீட்டாளர் யூரி மில்னரும் அறிவித்த திட்டத்தில், சில கிராம் எடையுள்ள கலத்தை அல்பா சென்டோரியை நோக்கி லேசர் ஒளியால் தள்ளி, ஒளியின் வேகத்தில் ஐந்திலொரு பங்குக்குக் கொண்டுபோவது யோசனை. இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் பயணம். அங்கு எடுத்த படம் ரேடியோவிலோ லேசரிலோ நமக்கு வந்துசேர இன்னும் நான்கு ஆண்டுக்கு மேல். நிறுத்த வழி இல்லாததால் கலம் ப்ரொக்ஸிமாவின் கோளைக் கண நேரத்தில் தாண்டிப் போய்விடும்.

● போகாமலே பார்க்கும் வழிதான் இப்போதைக்குக் கைக்கு எட்டுவது. சிலி நாட்டு மலையுச்சி ஒன்றில் 39 மீற்றர் ஆடி கொண்ட தொலைநோக்கி கட்டப்பட்டு வருகிறது. ப்ரொக்ஸிமாவின் கோள் போன்றவற்றில் காற்று இருக்கிறதா என்று தேடுவது அதன் நோக்கங்களில் ஒன்று. அதில் வேலை செய்ய பௌதிகவியலும் கணிதமும் வேண்டும். நமது தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இன்னும் இல்லை. ஆசைப்படும் பிள்ளை ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அந்தப் பிரிவைத் திம்புள்ளப் பாடசாலைகளுக்கும் கொண்டுவர 40 இலட்சம் கோடி கிலோமீற்றர் போக வேண்டியதில்லை.