பழி கடலுக்கா?

சென்ற தவணையில் ஒருநாள், மேல்வகுப்பு மாணவர்க்கு ஐரோப்பியக் கலை வரலாறு கூறும்போது, ஓர் ஓவியத்தின் பிரதியைச் சுவரில் மாட்டினேன். அலைகளிடையே ஒரு தெப்பம். அதன்மேல் இறந்தோரும் இறவாதோருமாய் ஒரு கூட்டம். சற்று நேரம் உற்று நோக்கிய மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, கடல் ஓவியம் என்றீர்கள். இதிலே கடலைக் காட்டிலும் மனிதரே பெரிதாகத் தெரிகின்றனரே?” என்று கேட்டான். நல்ல வினா. மணியடிக்குமுன் விடை முழுவதையும் கூற இயலவில்லை. எஞ்சியதை இங்கே எழுதுகின்றேன்.

ஐரோப்பியர் கடலைத் தீட்டத் தொடங்கியது நெடுங்காலத்துக்கு முன்பாகும். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இக்கலையில் வல்லவராய் விளங்கினர். பாய் விரித்த கப்பல்களையும் கடற்போர்களையும், ஒரு கயிறுகூடப் பிழையாது வரைந்தனர். புயலையும் அவர்கள் தீட்டியதுண்டு. எனினும், அவ்வோவியங்கள் பலவற்றில் கப்பலே தலைவன். கடல் அவன் நடிக்கும் மேடை.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறலாயிற்று. எதனையும் அறிவினால் அளந்துவிடலாம் என்ற துணிவு தளர்ந்தது; உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் இயற்கையின் பேராற்றலுக்கும் கலைஞர் தலைவணங்கினர். இதனையே றொமான்டிக் இயக்கம் என்பர். அழகு வேறு, அச்சமும் வியப்பும் கலந்த பெருமிதம் வேறு என்று 1757ஆம் ஆண்டில் எட்மண்ட் பேர்க் என்பார் ஒரு நூலில் ஆராய்ந்தார். அத்தகைய அச்சத்தை விளைக்கும் பொருள்களுள் ஒன்றாக அவர் கடலைக் குறிப்பிட்டார். மேடையாய் இருந்த கடல், இவ்வாறு தானே தலைமை ஏற்றது.

அத்தலைமையைக் காண விரும்புவோர் ஆங்கில ஓவியர் டர்னர் 1842இல் காட்சிக்கு வைத்த பனிப்புயல் ஓவியத்தைக் காணவேண்டும். துறைமுக வாயிலுக்கு வெளியே ஒரு நீராவிக் கப்பல். கடலும் வானும் பனியும் புகையும் ஒன்றாய்ச் சுழல, அச்சுழியின் நடுவே கப்பல் ஒரு கரிய கீற்றாக மட்டுமே தெரிகின்றது. மாலுமிகளைக் கொண்டு தம்மைப் பாய்மரத்தோடு கட்டுவித்து, நான்கு மணி நேரம் அப்புயலைப் பார்த்திருந்ததாக டர்னர் கூறினார் என்பர். அறிஞர் பலர் அக்கதையை ஐயுறுகின்றனர். அவர் கட்டுண்டு நின்றாரோ இல்லையோ, காண்பவர் நிற்பதற்கு அப்படத்தில் உறுதியான தரை ஏதும் இல்லை என்பது உண்மை.

இதனோடு நின்றிருந்தால், கடலின் வலிமையைப் பாடிய கலை என்று இதனைப் போற்றி நாம் அமைந்துவிடலாம். ஆனால் அக்கால ஓவியருட் சிலர் மற்றொரு வினாவையும் எழுப்பினர். கடல் கொன்றது என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகின்றோமே, கொன்றது கடல்தானா?

என் மாணவன் பார்த்த ஓவியம் இங்கேதான் வருகின்றது. 1816ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், ‘மெடூசா’ என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஏறத்தாழ நானூறு பேரோடு செனகலை நோக்கிப் புறப்பட்டது. அதன் தலைவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பலோட்டிப் பழகாதவர். அரச குடும்பத்திடம் கொண்ட விசுவாசமே அவருக்கு அப்பதவியைத் தேடித்தந்தது. யூலை 2ஆம் நாள், புயலோ சூறாவளியோ இல்லாத நல்ல காலநிலையில், ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஆர்குயின் மணல்மேட்டிற் கப்பல் தரைதட்டியது.

படகுகள் போதவில்லை. தலைவரும் உயர்ந்தோரும் படகுகளில் இடம்பெற்றனர். கப்பலின் மரங்களைப் பிணைத்துச் செய்த தெப்பத்தில் ஏறக்குறைய 147 பேர் ஏற்றப்பட்டனர். படகுகள் அதனைக் கயிற்றினால் இழுத்துச் செல்லும் என்பது வாக்குறுதி. சிறிது தூரத்திலேயே கயிறு விடப்பட்டது. அதன்பின் அத்தெப்பத்தில் நடந்தவற்றைச் சொல்லவும் நாக்கூசும். தாகமும் வெறியும் ஒருவரை ஒருவர் கொல்லச் செய்தன. பசி மனித ஊனையே உண்ணச் செய்தது. பதின்மூன்று நாளின்பின் ‘ஆர்கஸ்’ என்னும் கப்பல் கண்டெடுத்தபோது உயிரோடிருந்தவர் 15 பேர்.

தப்பியோருள் இருவர், வைத்தியர் சவிஞியும் பொறியியலாளர் கொரெயாரும், நடந்ததை நூலாக எழுதினர். இளம் ஓவியரான ஜெரிக்கோ அவர்களைத் தேடிச் சென்று கேட்டறிந்தார். தெப்பத்தைச் செய்த தச்சனைக் கொண்டே அதன் சிறு மாதிரி ஒன்றைச் செய்வித்தார். வைத்தியசாலைக்குச் சென்று நோயாளரையும் பிணங்களையும் பார்த்து வரைந்தார். ஐந்து மீற்றர் அளவு உயரமும் ஏழு மீற்றருக்கு மேற்பட்ட அகலமும் கொண்ட ஓவியம் 1819இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. பட்டியலில் அதன் பெயர் ‘கப்பற் சேதக் காட்சி’ என்றே இருந்தது. எந்தக் கப்பல் என்பதைப் பார்த்தவர்க்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடிவானில் ஒரு கப்பல் புள்ளியாய்த் தெரிய, குவிந்த உடல்களின் உச்சியில் ஏறி நின்று துணியை வீசுகின்றான் ஒருவன். அவன் ஆபிரிக்கன். மனிதரை விற்கும் வாணிகம் ஓயாதிருந்த அக்காலத்திலே, அனைவரின் நம்பிக்கையையும் அவன் கையிலேயே ஓவியர் கொடுத்தார்.

அவ்வாணிகத்தையே நேராகச் சுட்டுவது டர்னரின் மற்றோர் ஓவியம். 1840இல் அவர் காட்சிக்கு வைத்த ‘அடிமைக் கப்பல்’ அது. இரத்தம் போலச் சிவந்த மாலைவானம். புயலை நோக்கிச் செல்லும் கப்பல். முதலில் நிறங்களே கண்ணைக் கவரும். பின்னரே அலைகளிடையே நீட்டிய கைகளும், விலங்கு பூட்டிய காலொன்றும், அதனை மொய்க்கும் மீன்களும் புலப்படும்.

இதற்குப் பின்னணியாக அறிஞர் பலர் கூறுவது ‘சொங்’ என்னும் ஆங்கிலக் கப்பலின் கதை. 1781இல் அக்கப்பலிலிருந்து 130க்கு மேற்பட்ட ஆபிரிக்கர் உயிரோடு கடலில் எறியப்பட்டனர். குடிநீர் குறைந்துவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். சரக்குக்கு நட்டம் நேர்ந்ததாகச் சொல்லிக் கப்பற் சொந்தக்காரர் காப்புறுதிப் பணம் கேட்டனர். கொலைக்காக எவரும் விசாரிக்கப்படவில்லை. 1783இல் நீதிமன்றம் விசாரித்தது பணவழக்கையே. முதற்றீர்ப்பு சொந்தக்காரர்க்குச் சார்பாயிற்று; மேல்மன்றம் மறுவிசாரணைக்குக் கட்டளையிட்டது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பர் நம் முன்னோர். ‘மெடூசா’வின் தெப்பத்தைக் கைவிட்டது அலையன்று, கயிற்றை விட்ட கை. விலங்கு பூட்டிய காலைக் கடலுக்கு ஈந்ததும் புயலன்று, கணக்குப் புத்தகம்.

என் மாணவனுக்கு நான் கூறவிரும்பும் விடை இதுவே. கடலுக்கு அறமும் இல்லை, மறமும் இல்லை. அது தன் இயல்பின்படி அலைவீசுகின்றது. கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கடமை மனிதனுக்கே உரியது. ஆதலால், தம்பி, அந்தக் கடல் ஓவியத்தில் மனிதர் பெரிதாகத் தெரிவது பிழையன்று. அடுத்த முறை அதனைப் பார்க்கும்போது, தெப்பத்தில் இருப்பவரை மட்டும் எண்ணாதே. படத்தில் இல்லாத அந்தப் படகுகளையும், அவற்றில் இருந்தவரையும் எண்ணிப் பார்.