வெப்பத்திற்கு ஒரு காவலன்

கிண்டி பாம்புப் பண்ணையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1972-இல் கிண்டிக்கு வந்த இப்பண்ணையில் பாம்புகளோடு முதலைகளும் உண்டு. காலை வெயிலில் முதலை அசையாமல் கிடப்பது ஏன்? அது தன் உடலைச் சூடேற்றிக்கொள்கிறது.

நாம் உண்ணும் உணவிலிருந்தே நம் உடல் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கிறது. ஊர்வனவற்றுக்கு இவ்வசதி மிகக் குறைவு. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நகர்ந்தே அவை உடல் வெப்பத்தைச் சீராக்குகின்றன. உடல் குளிர்ந்தால் விழுங்கிய இரை செரிக்காது. சூடு மிகுந்தால் உயிரே போய்விடும். ஆகவே, அவற்றை வளர்க்கும் பெட்டியின் ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும்.

மின்சாரத்தால் சூடேற்றும்போது அளவு மீறாமல் காப்பது தெர்மோஸ்டாட். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும் இது உண்டு. பித்தளைப் பட்டை ஒன்றையும் எஃகுப் பட்டை ஒன்றையும் சேர்த்துப் பிணைத்ததாகக் கொள்ளுங்கள். சூடேறினால் பித்தளை அதிகமாக விரியும். பட்டை வளைந்து மின்தொடர்பு அறுந்துவிடும். ஆறியதும் பட்டை நிமிர, மின்சாரம் மீண்டும் பாயும். புதிய கருவிகளில் பட்டைக்குப் பதிலாக, வெப்பத்திற்கேற்ப மின்தடை மாறும் சிறிய உணரி இருக்கும்.

ஆனால் இக்காவலன் அறிவது உணரி இருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே. உணரி நழுவிக் குளிர்ந்த மூலையில் விழுந்தால், சூடு போதவில்லை என்று கொண்டு கருவி மின்சாரத்தை விடாமல் செலுத்தும். பிராணி வெந்து மடியும். எனவே உணரியை அசையாமல் பொருத்துவதோடு, தனி வெப்பமானி ஒன்றும் வைக்க வேண்டும். சென்னைக் கோடையில் வெளி வெப்பமே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. தெர்மோஸ்டாட் சூடேற்றியை நிறுத்துமே தவிர, பெட்டியைக் குளிர்விக்காது. அப்போது நிழலும் நீரும் காற்றோட்டமுமே துணை.

இதைப் படித்துவிட்டுப் பாம்பு பிடிக்கப் புறப்படாதீர்கள்! 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.

பாம்பாவது இடம் மாறிக்கொள்ளும். முட்டை என்ன செய்யும்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976-இல் தொடங்கப்பட்ட சென்னை முதலைப் பண்ணையின் சதுப்பு முதலை முட்டைகளைப் பற்றிய ஆய்வு 1989-இல் வெளியாயிற்று. 28 முதல் 31 டிகிரி வரையிலான நிலையான வெப்பத்தில் வைத்த முட்டைகளிலிருந்து பெண் குஞ்சுகளே வந்தன, 32.5 டிகிரியில் ஆண் குஞ்சுகளே வந்தன. அடைகாக்கும் பெட்டியில் ஒன்றரை டிகிரி பிசகினால், ஒரு ஈட்டுக் குஞ்சுகள் முழுவதும் ஆணாகிவிடலாம். பிறகு முட்டையிட முதலை ஏது?