சொன்னாங்களா, கேட்டாங்களா?



நம்ம பள்ளிக்கூடத்துல ரெண்டு வகை பசங்க இருக்கோம். குவார்ட்டர்ஸ்ல இருந்து சைக்கிள்ல வர்றவங்க ஒரு வகை, சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து பஸ்ஸுல வர்றவங்க இன்னொரு வகை. நான் முதல் வகை. என் பெஞ்சுல பக்கத்துல உட்கார்றவன் ரெண்டாவது வகை. ஒரு நாள் சாப்பாட்டு பெல்லுக்கு அப்புறம் அவன் சிரிச்சிக்கிட்டே சொன்னான், "எங்க தாத்தா மல்லாட்டை போட்ட இடத்துலதான்டா உங்கப்பா இப்ப ஷிஃப்ட் பாக்குறாரு."

"அப்ப உங்க தாத்தாகிட்ட கேட்டுத்தான் எடுத்தாங்களா?"ன்னு நான் கேட்டேன்.

"எனக்கு என்னடா தெரியும், நான் பொறக்கவே இல்லையே" என்றான்.

அதோட அவன் விளையாடப் போயிட்டான். எனக்குத்தான் அந்தக் கேள்வி மனசுல ஒட்டிக்கிச்சு. ஒரு ஊர் நிலத்தை வேறு வேலைக்கு எடுக்கும்போது அந்த ஊர்க்காரங்ககிட்ட கேட்கணும்னு விதி இருக்கா? இருந்தால் எப்படிக் கேட்கணும்? சமூக அறிவியல் ஆசிரியரிடம் கேட்டும், நூலகத்தில் பழைய பேப்பர் புரட்டியும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம்ம ஊர் கதையின் ஆரம்பம் எல்லோருக்கும் தெரியும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அந்தக் காலத்தில் நாடு முழுக்க நிலம் எடுக்க இருந்தது வெள்ளைக்காரன் போட்ட 1894ஆம் வருஷத்துச் சட்டம். அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் நிலத்துக்காரர் ஆட்சேபம் எழுதித் தரலாம். கலெக்டர் விசாரித்து மேலே அனுப்புவார். முடிவு அரசாங்கத்தோடது. ஊராகக் கூடிப் பேசுவதற்கு அந்தச் சட்டத்தில் இடமே கிடையாது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். சுரங்கத்தால் பாதிக்கப்படுவது நிலம் கொடுத்தவர் மட்டும்தானா? நம்ம ஊரில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் பெரிய அழுத்தத்தோடு நிற்கிறது. அதை ராத்திரி பகலாகப் பம்ப் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்துக்குள் வெள்ளம் வராமல் இருக்கும். அப்படி இறைக்கும்போது, ஒரு சென்ட் நிலம்கூட கொடுக்காத பக்கத்து ஊர்க்காரருக்கும் தன் போர்வெல்லை நினைத்துக் கவலை வரத்தானே செய்யும்? அவரிடமும் கேட்கணும் இல்லையா?

அதற்கு ஒரு வழி இருக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2006ஆம் வருஷத்து அறிவிக்கைப்படி, பெரிய சுரங்கம், அனல்மின் நிலையம் மாதிரி திட்டங்களுக்கு 'பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' நடத்த வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை. குறைந்தது 30 நாள் முன்னால் பேப்பரில் அறிவிப்பு வரணும், அதில் ஒன்று உள்ளூர் மொழிப் பேப்பராக இருக்கணும். திட்டத்தின் சுருக்கம் தமிழிலும் இருக்கணும். கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்கணும். கடைசியில் யார் என்ன பேசினாங்க என்பதைக் கூட்டத்திலேயே வாசித்துக் காட்டணும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு எதுவும் இல்லை. ஓட்டெடுப்பும் இல்லை. நூறு பேர் வேண்டாம் என்றாலும் அது குறிப்பில் ஏறும், திட்டக்காரர் பதில் எழுதுவார், அனுமதி பற்றிய முடிவு வேறு இடத்தில் நடக்கும்.

2013ல் புது நிலச் சட்டம் வந்தது (2014 ஜனவரி 1 முதல் நடைமுறை). இதில்தான் 'கேட்கிறது' கொஞ்சம் பலமாக இருக்கிறது. நிலம் எடுத்தால் அந்த ஊர் வாழ்க்கை என்ன ஆகும் என்று முதலில் சமூகத் தாக்க ஆய்வு செய்யணும். பஞ்சாயத்தைக் கலந்து பேசணும். தனியார் கம்பெனிக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமானால் 70 சதவீதம் சம்மதிக்கணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, 'பாதிக்கப்படும் குடும்பம்' என்பதற்கு அது சொல்லும் அர்த்தம். பட்டா வைத்திருப்பவர் மட்டும் இல்லை. 3 வருஷமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் விவசாயக் கூலி, குத்தகைக்காரர், கைவினைஞர் எல்லாரும் அதில் சேர்த்தி. நம்ம கடலூர் மாவட்டத்து இருளர் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். வயலில் எலி பிடிப்பது, ஓடையில் மீன் பிடிப்பது என்று அடுத்தவர் நிலத்தையும் பொது நீரையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அவர்களில் நிறைய. பட்டாவை மட்டும் பார்த்துக் கணக்கெடுத்தால் அவர்கள் பெயர் எந்தத் தாளிலும் வராது.

சரி, சட்டம் வந்தாச்சே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு முடிச்சு. தமிழ்நாட்டுக்குத் தொழில் நோக்கங்களுக்கு நிலம் எடுக்க 1997ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. நம்ம சுரங்க நிலங்களும் அதன் கீழ் எடுக்கப்பட்டன. 2013 சட்டத்தின் இழப்பீடு, மறுவாழ்வு விஷயங்கள் இதற்கும் பொருந்தும். ஆய்வும் சம்மதமும் பொருந்தாது என்று மாநில அரசு ஒரு திருத்தம் போட்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. உடனே சட்டசபை இன்னொரு சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, பணம் வரும் பாதி நமக்கு உண்டு, கேட்கும் பாதி இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூலை 26 அன்று பார்த்தோம். இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்ட, வளையமாதேவி பக்கம் கதிர் விட்ட நெல்வயலில் பொக்லைன் இறங்கியது. டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நிறுவனத்தின் பதிலையும் சொல்லணும்: நிலத்தைப் பல வருஷம் முன்னாடியே எடுத்தாச்சு, பயிர் வைக்காதீங்கன்னு சொன்னோம், மழைத் தண்ணி சுரங்கத்துக்குள்ள வராம இருக்கக் கால்வாய் அவசரம் என்றார்கள். இரண்டு நாள் கழித்து நம்ம ஊரில் நடந்த போராட்டம் கலவரமாகிக் கல்லும் கண்ணீர்ப் புகையும் பறந்தது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிறுவனம் 'சொன்னோம்' என்றது கவனித்தீர்களா? சொல்லியிருக்கலாம். ஆனால் எப்போது வெட்டலாம், அறுப்பு வரைக்கும் பொறுக்கலாமா என்று உட்கார்ந்து கேட்பது வேறு விஷயம்.

உண்மையாகவே கேட்ட இடமும் ஒன்று உண்டு. ஒடிசாவில் நியமகிரி மலை. அங்கே டோங்ரியா கோந்த் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். மலையே அவர்களுக்குச் சாமி, பெயர் நியம ராஜா. அந்த மலையில் வேதாந்தா நிறுவனத்தின் ஆலைக்காக பாக்சைட் வெட்டத் திட்டம். 2006 வன உரிமைச் சட்டத்தைக் காட்டி, கிராம சபைதான் சொல்லணும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வருஷமே 12 கிராமங்களில் சபை கூடியது. மாவட்ட நீதிபதி ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்தார். 12 சபையும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அமைச்சகம் அனுமதி மறுத்தது. இதில் வேடிக்கை, மலையடிவாரத்தில் லாஞ்சிகரில் ஆலையை முன்னாடியே கட்டிவிட்டார்கள்! இலை போட்டுப் பந்தியில் உட்கார்ந்த பிறகு, அரிசி இருக்கான்னு பக்கத்து வீட்டில் கேட்ட மாதிரி.

ஐ.நா. சபை 2007ல் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தில் இதற்குச் சொன்ன அளவுகோல் மூன்று: வற்புறுத்தாமல் கேட்கணும், வேலை தொடங்குவதற்கு முன்னால் கேட்கணும், முழு விவரம் கொடுத்துக் கேட்கணும். வளையமாதேவி விவசாயிகள் பழங்குடிகள் இல்லைதான். ஆனாலும் இந்த மூன்றும் எந்த ஊருக்குத்தான் வேண்டாம்?

எங்க அப்பா சம்பளமும் இந்தச் சுரங்கத்தில் இருந்துதான் வருகிறது, இதை எழுதும் ட்யூப்லைட்டும் அதில்தான் எரிகிறது. அதனால் சுரங்கமே வேண்டாம் என்று எழுத எனக்கு வாய் வராது. கேட்டுவிட்டு வெட்டுங்கள் என்று மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் இதைப் படித்துக் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எழுத்துப் பிழை இருக்கு, பாரு" என்றார்.

டவுன்ஷிப்புக்குள் நமக்குக் கிராம சபை கிடையாது. பக்கத்து ஊர்களில் வருஷத்துக்கு 6 தடவை கூடுது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஓட்டுரிமை இருக்கிறவங்கதான் உறுப்பினர். "நம்மள மாதிரி பசங்க ஓரமா நின்னு பாத்தா யாரும் வெரட்ட மாட்டாங்கடா" என்கிறான் என் பெஞ்சுக்காரன். அக்டோபர் 2 அன்று அவங்க ஊருக்குப் போறேன். அவங்க தாத்தாவும் வருவாராம். அன்னிக்கு அவர்கிட்டயே கேட்டுட்டு வந்து, அடுத்த இதழில் இடம் கிடைத்தால் எழுதுகிறேன்.