கோதுமையை நிறுத்தும் முன் ஒரு சோதனை

பணிமாற்ற ஆணை பெற்று நாங்கள் குடும்பத்துடன் லூதியானாவிற்குச் சென்றபோது எங்கள் மகளுக்கு ஐந்து வயது. அதுவரை காலையில் இட்லி, நண்பகலில் சோறு, இரவில் தோசை என்று அரிசியைச் சுற்றியே எங்கள் உணவு அமைந்திருந்தது. பஞ்சாபிற்குச் சென்றபின் அவ்வொழுங்கு மெல்ல மாறியது. பள்ளிக்குப் பராட்டா, மாலையில் பிஸ்கட், இரவில் சப்பாத்தி என்று மூன்று வேளையும் கோதுமை தட்டில் இடம்பிடித்தது. பசுமைப் புரட்சியில் முன்னின்ற மாநிலம். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் அமைந்துள்ள நகரம். அங்கே கோதுமையின்றி வாழ எவரும் எண்ணுவதில்லை. நாங்களும் எண்ணவில்லை.

மூன்றாண்டுகள் சென்றன. ஒரு கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளில், முந்தைய ஆண்டு வாங்கிய சீருடை மகளுக்கு அப்படியே பொருந்தியது. துணி நன்றாக உழைக்கிறது, செலவு மிச்சம் என்று மகிழ்ந்தோம். சில வாரங்கள் கழித்துத்தான் உறைத்தது: துணி நீடிக்கவில்லை, குழந்தை வளரவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப்பையைக் கழற்றாமலே உறங்கிவிடுவாள். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1 என்று வந்தது. மூன்று மாதங்கள் இரும்புச்சத்து மருந்து கொடுத்த பின்னரும் அது 8.3-ஐத் தாண்டவில்லை. இதற்கிடையே எங்களுள் வங்கிக்குச் செல்பவருக்கும் நாள்தோறும் மாலையில் வயிற்று உப்புசம்.

அண்டை வீட்டு அம்மையார் தம் மகனுக்கும் இவ்வாறே இருந்ததென்றும், 'கனக்' என்று அவர்கள் அழைக்கும் கோதுமையை நிறுத்திய பின் அவன் தேறினான் என்றும் கூறினார். மறுநாளே எங்கள் வீட்டில் கோதுமை நின்றது. இரண்டு மாதங்களில் மாற்றம் தெரிந்தது. மகள் இரண்டாம் முறை சோறு கேட்டாள்; மாலையில் விளையாடச் சென்றாள். வங்கிக்குச் செல்பவரின் உப்புசமும் அகன்றது. நாங்கள் கண்டவர்களிடமெல்லாம் கோதுமையைக் குறை கூறத் தொடங்கினோம்.

அதன்பின்னரே குழந்தைகளுக்கான குடல்நோய் மருத்துவரைப் பார்த்தோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், "நல்ல செய்திதான். ஆனால் சோதனை செய்துவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். இப்போது சோதித்தால் விடை தவறாக வரக்கூடும்" என்றார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அவ்வொரு வாக்கியமே.

குளூட்டன் என்பது யாது?

கோதுமை மாவைப் பிசையும்போது அது இழுபடும் தன்மை பெறுகிறது. சப்பாத்தி கிழியாமல் விரிவதற்கும் ரொட்டி உப்புவதற்கும் அத்தன்மையே காரணம். அதனைத் தருவது குளூட்டன் என்னும் புரதம். கோதுமையிலும், பார்லி, ரை ஆகிய தானியங்களிலும் இவ்வகைப் புரதங்கள் உள்ளன. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, பருப்பு வகைகள் ஆகியவற்றில் இல்லை.

பெரும்பாலோருக்குக் குளூட்டன் எத்தீங்கும் செய்வதில்லை. ஆனால் சிலருடைய உடலின் தடுப்பாற்றல் அதனைப் பகையாகக் கருதிச் செயல்படுகிறது. அச்செயலில் தன் சிறுகுடலையே தாக்கிக்கொள்கிறது. இதுவே சீலியாக் நோய். சிறுகுடலின் உட்சுவரில் உணவுச் சத்துகளை உறிஞ்சுவதற்கென நுண்ணிய குடலுறிஞ்சிகள் அடர்ந்துள்ளன. இந்நோயில் அவை தேய்ந்து தட்டையாகின்றன. இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். நோய் மிகுதியாகத் தாக்குவதும் அப்பகுதியையே. எங்கள் மகள் உண்ட மருந்து உடலில் சேராததன் காரணம் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

வயிற்றுப்போக்கு மட்டுமே இதன் அடையாளம் அன்று. தீராத இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு, வயிற்று உப்புசம், எலும்பு நலிவு, காரணமறியாச் சோர்வு என்று பல வடிவங்களில் வரும்.

பஞ்சகாலம் கற்பித்த பாடம்

இந்நோயின் இயல்புகளை இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ 1888-இல் விரிவாக எழுதினார். உணவே மருந்தென அவர் உணர்ந்திருந்தார். குற்றவாளி எவ்வுணவு என்பது மட்டும் தெரியவில்லை. அதனைக் கண்டவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. கோதுமை மீது அவருக்கு 1930-களிலேயே ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கடும் பஞ்சம் நிலவியது. ரொட்டி கிடைக்கவில்லை. மக்கள் பசியால் வாடிய அக்காலத்தில் இந்நோயுற்ற குழந்தைகளோ தேறினர். ரொட்டி மீண்டும் கிடைத்தபோது நோயும் திரும்பியது. 1950-இல் டிக்கே தம் ஆய்வேட்டை அளித்தார். இன்று வரை இந்நோய்க்கு உறுதியான சிகிச்சை குளூட்டன் நீக்கிய உணவேயாகும். அதுவும் வாழ்நாள் முழுவதும்.

நிறுத்தும் முன் சோதிப்பது ஏன்?

முதற்சோதனை எளிய இரத்தப் பரிசோதனை. டிடிஜி எனப்படும் எதிர்ப்பொருளின் அளவை அது காட்டும். அளவு மிகுந்திருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலின் சிறு துணுக்கை எடுத்து ஆராய்வது வழக்கம். இவ்விரண்டும் குளூட்டனுக்கு உடல் காட்டும் எதிர்வினையை அளப்பவை. குளூட்டனே உடலுக்குள் செல்லாவிடில் எதிர்ப்பொருள் குறையும், குடல் ஆறத் தொடங்கும், நோயிருந்தும் 'இல்லை' என்று அறிக்கை வரலாம். வங்கியில் ஒரு பதிவில் ஐயம் எழுந்தால் முதலில் அதற்குரிய சான்றுச்சீட்டைப் பார்ப்போமேயன்றிப் பதிவை அழித்துவிட்டுச் சீட்டைத் தேட மாட்டோம். நாங்கள் வீட்டில் அதைத்தான் செய்திருந்தோம்.

குழந்தை தேறிவிட்டாளே, பெயர் தெரிந்தென்ன என்று மருத்துவரைக் கேட்டோம். அவர் மூன்று காரணங்களைச் சொன்னார். சீலியாக் நோயாயின் ஒரு துண்டு ரொட்டியும் ஆகாது. அக்கட்டுப்பாட்டைச் சான்றின்றி வாழ்நாள் முழுவதும் காப்பது அரிது. பெற்றோரும் உடன்பிறந்தோரும் சோதித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இந்நோய் குடும்பவழி வருவது. நோய் வேறொன்றாயின், கோதுமையை நிறுத்திய நிம்மதியில் அது மறைந்து வளரும். "பதினைந்து வயதில் உங்கள் மகள் ஏன் உண்ணக் கூடாது என்று கேட்பாள். அன்று அவளிடம் காட்ட உங்கள் கையில் என்ன இருக்கும்?" என்றும் கேட்டார்.

எனவே அவருடைய கண்காணிப்பில் மகளுக்கு மீண்டும் கோதுமை கொடுத்தோம்: நாளொன்றுக்கு இரு சப்பாத்தி, ஆறு வாரங்கள். தேறிய குழந்தைக்குத் தெரிந்தே நோயை ஊட்டுகிறோமோ என்னும் கலக்கம் ஒவ்வொரு வேளையும் எங்களை அலைக்கழித்தது. மூன்றாம் வாரத்தில் வயிற்றுவலி திரும்பியது. "அப்பா, இன்னும் எத்தனை சப்பாத்தி?" என்று கேட்டாள். முதலிலேயே சோதித்திருந்தால் அக்கேள்வியை அவள் கேட்டிருக்கவே மாட்டாள். ஆறாம் வார இறுதியில் இரத்தப் பரிசோதனையும் திசுப் பரிசோதனையும் சீலியாக் நோயை உறுதிசெய்தன.

ஒரே மாற்றம், இரு காரணங்கள்

எங்கள் இருவரையும் சோதித்தனர். இருவருக்கும் நோயில்லை. அவ்வாறாயின் வங்கிக்குச் செல்பவரின் உப்புசம் அகன்றது எவ்வாறு? கோதுமையில் குளூட்டன் மட்டுமன்றி, ஃபிரக்டன் என்னும் ஒருவகை மாவுப்பொருளும் உண்டு. குடலில் அது நொதித்து வாயு உண்டாக்கும். வெங்காயத்திலும் பூண்டிலும் அது உள்ளது. மேலும், கோதுமையை நிறுத்திய அன்றே வங்கியில் தேநீருடன் உண்ணும் பிஸ்கட்டும் சமோசாவும் நின்றுபோயின. எதனால் நலம் விளைந்தது என்று பிரித்தறிய இயலாதவாறு பலவற்றை ஒரே நாளில் மாற்றியிருந்தோம். இன்று அவர் அளவாகச் சப்பாத்தி உண்கிறார்; எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்க்கிறார்; உப்புசமில்லை.

சீலியாக் நோயின்றியே குளூட்டன் உணவால் தொல்லையுறுவோரும் உள்ளனர். கோதுமை ஒவ்வாமை என்பது வேறொரு நிலை. இவற்றை வேறுபடுத்துவது மருத்துவரின் பணி. எந்நோயும் இல்லாதவர் குளூட்டனைத் தவிர்ப்பதால் தனிப் பயன் உண்டென நிறுவப்படவில்லை.

நம் நாட்டின் நிலை

2016-இல் வெளியான ஓர் ஆய்வு, வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட வயதுவந்தோரைச் சோதித்தது. சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கில் நூற்றுக்கு 1.23 பேருக்கும், தெற்கில் 0.10 பேருக்கும் காணப்பட்டது. நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறு எல்லாப் பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. கோதுமை நுகர்வில்தான் பெரும் வேறுபாடு: வடக்கில் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். தென்னகத்தார்க்கு இந்நோய் வராது என்று இதற்குப் பொருளன்று. பணிக்காக வடக்கே குடிபெயர்வோரும், இரவு உணவைச் சப்பாத்தியாக மாற்றிக்கொண்டோரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

மறைந்திருக்கும் கோதுமை

அரிசி உண்ணும் குடும்பத்திற்கு இது எளிது என்றே நினைத்தோம். ஆறு மாதங்கள் கழித்தும் எதிர்ப்பொருள் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. சமையலறையில் உள்ள ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுத்துப் படித்தோம். நாள்தோறும் சாம்பாரில் இட்ட கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருந்தது. இடியாப்ப மாவு, கோதுமை அரைக்கும் அதே எந்திரத்தில் அரைபட்டு வந்தது. தோசைக்கல்லும் சப்பாத்திக்கல்லும் ஒன்றாகவே இருந்தன. மூன்றையும் மாற்றிய பின்னரே எண்கள் இறங்கின.

ரவையும் சேமியாவும் மைதாவும் பெரும்பாலும் கோதுமையே. மால்ட் கலந்த சத்துபானங்களில் பார்லி இருக்கும். சோயா சாஸிலும் கோதுமை சேர்வதுண்டு. பூரி பொரித்த எண்ணெயில் வடை பொரித்தாலும் ஆகாது. பொட்டலங்களில் ஒவ்வாமை குறித்த அறிவிப்பைப் படிப்பது முதற்கடமை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, குளூட்டன் நீக்கியதென விற்கப்படும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது.

வீட்டிற்கு வெளியே செல்லும்போது இது பழக்கத்தையும் பண்பையும் சோதிக்கும். குருத்வாராவில் வழங்கும் கடா பிரசாதம் கோதுமை மாவில் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துச் செய்வது. எங்கள் மகள் அதனை இரு கைகளிலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எங்களிடம் தந்துவிடுவாள். பின் கையைக் கழுவிக்கொள்வாள். எவரும் அவளைக் கடிந்ததில்லை.

செலவும் காப்பீடும்

குளூட்டன் நீக்கிய ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ் போன்றவை வழக்கமானவற்றைக் காட்டிலும் விலை மிகுந்தவை. அவற்றுள் பலவற்றில் நார்ச்சத்து குறைவு, சர்க்கரை மிகுதி. தொடக்கத்தில் அவற்றை வாங்கிக் குவித்த நாங்கள், மாத இறுதியில் மளிகைக் கணக்கைப் பார்த்துத் திகைத்தோம். பின்னர் இட்லி, புட்டு, இடியாப்பம், கேழ்வரகு அடை, கம்பங்கூழ் என்று நம் பழைய உணவிற்கே திரும்பினோம். செலவும் குறைந்தது, சத்தும் கூடியது.

மருத்துவக் காப்பீடு எடுக்கும்போதோ நிறுவனம் மாற்றும்போதோ இந்நோயை மறைக்காமல் குறிப்பிடுங்கள். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்துள்ளது. மறைத்துப் பெற்ற காப்பீடு தேவையான வேளையில் கைகொடாது.

வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல்

உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் மருந்துக்கு இணங்காத இரத்தசோகையோ, குழந்தைக்கு வளர்ச்சிக் குறைவோ இருந்தால் சீலியாக் சோதனை தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். சோதனை முடியும் வரை வழக்கமான உணவையே உண்ணுங்கள். நோய் உறுதியானால் முழுமையாக நிறுத்துங்கள். பாதி நிறுத்தம் பயன் தராது. நோய் இல்லையெனில் கோதுமையைக் குறைகூற வேண்டாம். உண்மைக் காரணத்தைத் தேடுங்கள்.

எங்கள் மகளின் ஹீமோகுளோபின் இன்று 12.2. இவ்வாண்டு சீருடையை இருமுறை வாங்க நேர்ந்தது. எங்கள் குடும்பக் கணக்கில் மனமுவந்து எழுதிய பற்று அதுவே.