‘ரிசீவ்’ வேறு, ‘அக்செப்ட்’ வேறு

லாரிச் சரக்கு இறங்கியதும் டெலிவரி சலானில் கையெழுத்துப் போடுகிறோம். அதற்கு மேலே சிலவற்றில் ‘ரிசீவ்டு’ என்றும், சிலவற்றில் ‘அக்செப்டெட்’ என்றும் அச்சாகியிருக்கும். இரண்டுக்கும் ‘பெற்றுக்கொண்டோம்’ என்றே நம்மில் பலர் பொருள் கொள்கிறோம். அது சரியன்று.

‘ரிசீவ்’ என்றால் பொருள் கைக்கு வந்தது, அவ்வளவே. ‘அக்செப்ட்’ என்றால் வந்ததற்கு இசைந்தோம். ஜாதகம் வீட்டுக்கு வந்து சேர்வது ரிசீவ். பொருத்தம் பார்த்துச் சரி என்பது அக்செப்ட்.

1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமும் இவ்வாறே பிரிக்கிறது. முன்பு பார்த்திராத சரக்கைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை, வாங்கியவர் அதை ஏற்றதாக ஆகாது என்கிறது 41ஆம் பிரிவு. அடுத்த பிரிவின்படி, ஏற்றேன் என்று தெரிவித்தாலும், வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலும் ஏற்றதாகிவிடும். விற்றவரின் உரிமைக்கு மாறான காரியம் செய்தாலும் அப்படியே. நம்மவர்கள் சிக்குவது இந்தக் கடைசியில்தான். வண்டு விழுந்த துவரம் பருப்பைத் திருப்புவதா என்று யோசித்துக்கொண்டே இரண்டு மூட்டையைப் பிரித்துச் சில்லறையில் விற்றுவிடுவார்கள். பிறகு நஷ்டஈடு கேட்கலாமே தவிர, சரக்கைத் திருப்புவது கடினம். உரிய காரணத்தோடு முதலிலேயே மறுத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, தகவல் சொன்னால் போதும். திருப்பி அனுப்பும் லாரி வாடகைகூட நம் பொறுப்பன்று என்கிறது 43ஆம் பிரிவு.

பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் அப்பளமோ மசாலாவோ வாங்கினால் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த நாளே ஏற்ற நாள். எழுதி ஒப்பந்தம் செய்துகொண்டாலும் அந்நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. போனில் சொன்னேன் என்பது செல்லாது.

உண்டியலில் இச்சொல்லுக்கு இன்னும் கனம். நம் பெயரில் எழுதிய உண்டியலில் ‘அக்செப்டெட்’ என்று கையெழுத்திட்டால், தவணை நாளில் பணம் கட்டும் கடமை நம்முடையது.

ஆகவே சலானில் ‘அக்செப்டெட்’ என்றோ ‘குட் கண்டிஷன்’ என்றோ இருந்தால் அதை அடித்துவிட்டு, ‘சரக்கு பெற்றோம், பரிசோதனைக்கு உட்பட்டது’ என்று தமிழிலேயே எழுதித் தேதியிடவும். டிரைவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் குமாஸ்தாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: ‘அக்செப்ட்’ என்பதற்குப் பதில் ‘எக்செப்ட்’ என்று எழுதினால் ‘நீங்கலாக’ என்று பொருளாகிவிடும்.